டெர்மினலைத் திறந்து விடுங்கள்: முதலாம் ஆண்டுக்கு லினக்ஸ் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினிப் பாடநெறி நடக்கிற இடங்களில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் படிப்பிக்கிற உங்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் படிக்கிற இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது முறைப்பாடாகிவிடும். எனக்கு முறைப்பாடு கொடுக்க விருப்பமில்லை, ஒன்று கேட்கத்தான் வேண்டும்.

கேட்பது இதுதான். கட்டளை தட்டுகிற டெர்மினலைப் பூட்டி வைக்காதீர்கள், நாங்கள் பிழை விட ஓர் இடம் தாருங்கள், பரீட்சையைத் தாளிலிருந்து கீபோர்டுக்கு மாற்றுங்கள். ஏன் என்று சொல்லப் போனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படுவான்கரைப் பிள்ளை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. விடிய ஆறு மணி பஸ்ஸில் ஏறி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வருகிறவள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக எடுத்தேன், எல்லாம் தமிழில். பள்ளிக்கூடத்தில் கணினி என்றால் விண்டோஸ். மௌஸால் பிடித்து இழுத்தால் கோப்பு நகரும். வேண்டாததைக் குப்பைத் தொட்டியில் போடலாம், மனம் மாறினால் திருப்பி எடுக்கலாம். அவ்வளவுதான் கணினி என்று நினைத்துக்கொண்டு உங்கள் லேபில் வந்து உட்கார்ந்தேன்.

ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். அதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை. டெர்மினலைத் திறக்கச் சொன்னீர்கள், திறந்தோம். கறுப்புத் திரை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், உண்மையில் அது கத்தரிப்பூ நிறம். அதில் ஒரு டொலர் அடையாளம், பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களோ வெண்பலகையில் இருந்த நாற்பது கட்டளைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதி முடிக்க நேரம் முடிந்துவிட்டது. முதல் நாள் ஒரு எழுத்துக்கூடத் தட்டாமல் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த கிழமை பாஸ்வர்ட் மாற்றச் சொன்னீர்கள். கட்டளையைத் தட்டி என்டர் போட்டதும் பழைய பாஸ்வர்டைக் கேட்டது. என் பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். திரையில் ஒன்றும் விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. இன்னும் அழுத்தித் தட்டினாள். பிறகு ஒவ்வொரு விரலாக, அம்மியில் மிளகாய் நசுக்குகிற மாதிரி. கீபோர்ட் பழுதென்று முடிவுகட்டி, பக்கத்து மெஷினின் கீபோர்டைக் கழற்றி மாட்டினோம். அதிலும் அதே கதை. கையை உயர்த்தியபோது போதனாசிரியர் வந்து பார்த்துச் சிரித்தார். "அது காட்டாது பிள்ளை. எத்தனை எழுத்தென்றுகூட மற்ற ஆளுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான்." வகுப்பு முழுக்கச் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். ஆனால் அவள் அதற்குப் பிறகு அந்தக் கீபோர்டைத் தொடவில்லை. அரையாண்டு முழுக்க, "நீ தட்டு, நான் வாசிக்கிறேன்" என்றே இருந்துவிட்டாள். தட்டுவதற்கு முன்பே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், சேர். நாற்பது கட்டளைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த வசனத்தைச் சொல்லியிருக்கலாம்.

அந்த நாற்பதும் எங்களுக்கு மந்திரம் மாதிரித்தான் இருந்தன. எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம், பிடபிள்யூடி. ஏன் இப்படி மெய்யெழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரிப் பெயர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். இந்த வழக்கமெல்லாம் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தது. யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கியது. அவர்கள் முன்னால் இன்றைக்கு நாங்கள் பார்க்கிற மாதிரித் திரை இருக்கவில்லை. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம், விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் தாளில் அடித்துத் தள்ளும், விசையும் கடினம். அப்படியொன்றில் வேலை செய்கிறவர் 'லிஸ்ட்' என்று முழுதாகத் தட்டுவாரா? எல், எஸ், முடிந்தது. படியெடுக்கிற 'கொப்பி' சிபி ஆனது, நகர்த்துகிற 'மூவ்' எம்வி ஆனது. நாங்கள் நிற்கிற கோப்புறையைக் காட்டுகிற பிடபிள்யூடியின் முதலெழுத்து 'பிரின்ட்'. திரையில் காட்டுகிற வேலைக்கு எதற்கு பிரின்ட் என்று நான் குழம்பியிருந்தேன். தாளில் அடித்த காலத்தின் மிச்சம் அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாற்பதில் பாதியை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்கவில்லை.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை அறிவித்தபோது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவர், வயது 21. உயர்தரம் எடுத்து, பெறுபேறு வந்து, கெம்பஸ் அழைப்பு வரும்வரை காத்திருந்து முதலாம் ஆண்டுக்கு வந்து சேரும்போது எங்களுக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான். அவர் லினக்ஸின் மையமான கருவை எழுதினார், நாங்கள் கொப்பி எழுதினோம்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். தாளில் நடந்தது. ஒரு கேள்வி: 'ஒரு கோப்புறையில் உள்ள, மறைந்த கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் விபரமாகக் காட்டும் கட்டளையை எழுதுக.' நான் எழுதிய விடை 'எல்எஸ் -ஏஎல்'. வெண்பலகையில் இருந்ததோ 'எல்எஸ் -எல்ஏ'. சிவப்புப் பேனையால் ஒரு கோடு விழுந்தது. மெஷினில் போட்டால் இரண்டும் ஒன்றுதான், எந்த எழுத்து முன்னால் வந்தாலும் அதே பட்டியல்தான் வரும். திருத்தியவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு புள்ளி, போகட்டும். அந்த இரண்டு புள்ளிக்காக இந்த மடலை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் அதற்கு வருவேன்.

பிழைச் செய்தி என்றொன்று இருக்கிறதே, அதை வாசிக்க எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. 'லேப் ரிப்போர்ட்' என்று ஒரு கோப்புறை வைத்திருந்தேன், நடுவில் இடைவெளியோடு. கோப்புறைக்குள் போகிற 'சிடி' கட்டளையைப் போட்டு அந்தப் பெயரைத் தட்டினேன். 'டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்' என்று வந்தது. ஆர்கியுமென்ட் என்றால் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வாக்குவாதம். 'நீ கனக்க வாதாடுகிறாய்' என்று மெஷின் ஏசுகிறது என்று நானும் பக்கத்தில் இருந்தவளும் உண்மையாகவே நம்பினோம். கட்டளைக்குப் பின்னால் நாம் கொடுக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தப் பெயர் என்றும், தட்டியதை வாசித்து இயக்குகிற ஷெல், இடைவெளி கண்ட இடத்தில் சொல்லைப் பிரித்துவிடும் என்றும் தெரிந்திருந்தால் அந்தச் செய்தியிலேயே விடை இருந்தது. 'ஒரு இடத்துக்குத்தானே போகலாம், நீ இரண்டு இடத்தின் பெயர் சொல்கிறாய்' என்கிறது மெஷின். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அரை நிமிடம் போதும். சாதாரணதரத்துக்கு முன்பே நாங்கள் படித்ததுதான்: பலகை வேறு, பல கை வேறு. சேர்த்துச் சொன்னால் எழுதுகிற பலகை, பிரித்துச் சொன்னால் நிறையக் கைகள். பலகையாகவே எடுத்துக்கொள் என்று ஷெல்லுக்குச் சொல்லத்தான் மேற்கோள்குறி.

இந்த இடைவெளிதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

இரண்டாம் அரையாண்டில் சி மொழியில் ஓர் ஒப்படை. கொழும்புக்கு வேலைக்குப் போன மச்சாள் விட்டுப்போன பழைய லேப்டொப் ஒன்று என்னிடம் இருக்கிறது, பற்றரி செத்தது, வயரில் மட்டும் ஓடும். அதில் உபுண்டு போட்டிருந்தேன். அன்று பின்னேரம் விம் என்ற எழுத்துத் தொகுப்பியில் புதிதாக ஒரு கோப்புத் திறந்து தட்டத் தொடங்கினேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, வழக்கம்போல கரண்ட் போனது, லேப்டொப்பும் போனது. அரை மணி நேரத்தில் கரண்ட் வந்து கோப்பைத் திறந்தபோது விம் திரை நிறைய எச்சரிக்கை ஒன்றைக் காட்டியது. வாசிக்கவில்லை. 'எப்படியும் திற' என்பதற்குரிய எழுத்தை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. நிரல் ஓடியது. கோப்புறையைத் துப்புரவாக்கிவிட்டுப் படுப்போம் என்று, கம்பைல் செய்தபோது வந்த, பெயரின் கடைசியில் புள்ளி ஓ உள்ள கோப்புகளை அழிக்க நினைத்தேன். 'ஆர்எம் *.ஓ' என்று தட்ட வேண்டும், நட்சத்திரம் என்றால் எந்தப் பெயரும். நான் தட்டியது 'ஆர்எம் * .ஓ'.

ஒரு இடைவெளி. பல கை.

மெஷின் ஒரே ஒரு முறைப்பாடுதான் செய்தது: புள்ளி ஓ என்று ஒரு கோப்பைக் காணவில்லை, அழிக்க முடியவில்லை என்று. மற்றதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அதைச் சொன்னது. எல்எஸ் போட்டேன். வெறுமை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் வெறுமை. ஆர்எம் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவதில்லை, நேரே அழித்துவிடும் என்று அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அம்மா எழும்பி வந்து என்ன பிள்ளை என்று கேட்டா. சொல்லத் தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு ஆண்டு முந்திய அண்ணா ஒருவருக்கு அழைத்தேன். நித்திரையில் இருந்தவர், ஏசவில்லை. "மூடிப்போடாத. எல்எஸ் -ஏ போட்டுப் பார். மறுகா சொல்லு" என்றார்.

போட்டேன். ஒரு கோப்பு இருந்தது. புள்ளியில் தொடங்கி, என் ஒப்படையின் பெயரோடு, கடைசியில் எஸ்டபிள்யூபி என்று முடிந்தது. புள்ளியில் தொடங்குகிற பெயரை வெறும் எல்எஸ் காட்டாது, அதுதான் மறைந்த கோப்பு. கரண்ட் போனபோது விம் எழுதி வைத்திருந்த தற்காலிகக் கோப்பு அது. நான் வாசிக்காமல் தாண்டிய எச்சரிக்கை இதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது. நட்சத்திரக் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது, அதனால்தான் ஆர்எம்மின் கையிலிருந்து தப்பியது. 'விம் -ஆர்' போட்டு ஒப்படையின் பெயரைக் கொடுத்தபோது, கரண்ட் போகும்வரை நான் தட்டியதெல்லாம் திரும்பி வந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மிச்சத்தை விடிய இரண்டு மணி வரைக்கும் இருந்து தட்டினேன்.

இப்போது அந்தப் பரீட்சைக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். மறைந்த கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் காட்டும் கட்டளை. அதே கேள்விக்கு நான் விடை எழுதியவள். திருத்தியவர் பிழை போட்டாலும் அது சரியான விடை. ஆனால் பதினொரு மணிக்கு, கோப்புப் போய்விட்டது என்று கை நடுங்கிக்கொண்டு இருந்தபோது அந்த -ஏ எனக்கு நினைவுக்கு வரவில்லை. தாளில் தெரிந்திருந்தது, விரலில் இல்லை. அந்த இரவுக்குப் பிறகு நான் அதை மறந்ததில்லை, இனி மறக்கவும் மாட்டேன். நான் கேட்கிற பிழை விட ஓர் இடம் என்பது இதுதான், சேர். ஒப்படைக்கு முதல்நாள் இரவு வீட்டில் தனியாக விடுவதைவிட, லேபில், நீங்கள் பக்கத்தில் நிற்க, அழிந்தாலும் கவலையில்லாத கோப்பில் அந்தப் பிழையை நாங்கள் விட்டிருக்கலாம்.

பிழையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கறுப்புத் திரை எதற்கு என்று கேட்பீர்கள். அதனால் நல்லதும் ஒன்று சொல்கிறேன்.

போன மாரியில் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தது. உலர் உணவுப் பொதி கொடுப்பதற்காக ஊர்ப் பொடியன்மார் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். மூன்று குழுவாகப் போனதால் ஒரே வீடு இரண்டு தடவை பதிவாகிவிட்டது. எக்செலில் ஏற்றிய பட்டியலை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதை எழுத்துக் கோப்பாக வாங்கி, அடையாள அட்டை இலக்கம் இருந்த மூன்றாவது நெடுவரிசையைக் 'கட்' கொண்டு பிரித்து, 'சோர்ட்'டுக்கு அனுப்பி, அங்கிருந்து 'யூனிக் -டி'க்கு அனுப்பினேன். ஒரே வரி, நடுவில் இரண்டு நெட்டைக் கோடு. இரட்டிப்பான இலக்கங்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதலில் சோர்ட் இல்லாமல் போட்டபோது ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் யூனிக் அடுத்தடுத்து நிற்கிற வரிகளைத்தான் ஒப்பிடும். வரிசையில் நிறுத்தினால்தான் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். இந்த நெட்டைக் கோட்டுக்குப் பைப் என்று பெயர். ஒரு நிரலின் வாயை அடுத்த நிரலின் காதில் வைக்கிற இந்த யோசனை டக் மெக்கில்ரோயுடையது, யூனிக்ஸில் வந்தது 1973இல்.

கதை அதோடு முடியவில்லை. சந்தேகப்பட்ட ஒரு வீடு பட்டியலில் மாட்டவில்லை. பார்த்தால், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வருகிற வீயை ஒரு குழு பெரிய எழுத்திலும் இன்னொரு குழு சின்ன எழுத்திலும் எழுதியிருக்கிறது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு எழுத்து. தமிழில் பெரியது சின்னது என்ற தொல்லையே இல்லாததால் எங்கள் கண்ணுக்கு அது படவேயில்லை. 'டிஆர்' கட்டளையால் எல்லாவற்றையும் பெரிய வீ ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், அகப்பட்டது. ஒருவருக்கே பழைய ஒன்பது இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்கமும் தனித்தனியாகப் பதிந்திருந்த இடத்தில் மட்டும் எந்தக் கட்டளையும் உதவவில்லை. அதைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மாமி. ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்பது அவவுக்குத்தான் மனப்பாடம்.

வகுப்பில் யூனிக் பற்றிச் சொன்னபோது எங்களுக்குக் காட்டிய உதாரணம் ஆப்பிள், ஆப்பிள், பனானா. அதிலிருந்து வெள்ளப் பட்டியலுக்கு நானாகப் போக எட்டு மாதம் பிடித்தது. உதாரணத்தை எங்கள் பக்கத்திலிருந்து எடுங்கள். மீன் வாடிக் கணக்கு, நெல் மூட்டைக் கணக்கு, பஸ் நேரம், கோயில் உபயப் பட்டியல், என்னவும் ஆகட்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கட்டும், கட்டளையும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அதில் எனக்குப் பிரச்சினையில்லை. ஆனால் விளக்கம் தமிழில் ஒருமுறை வந்தால் என்ன குறைந்துவிடும்? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியல் படித்துப் படிப்பித்தவர், தமிழில் கலைச்சொல் ஆக்குவதற்கு உழைத்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு 'ஆர்கியுமென்ட்' என்ற ஒரு சொல்லுக்கு நாங்கள் வாக்குவாதம் என்று பொருள் கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

தமிழை வைத்தே டெர்மினலில் பாடம் நடத்தவும் முடியும். எங்கள் மாவட்டத்தின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு. எத்தனை எழுத்து? ம, ட், ட, க், க, ள, ப், பு. எட்டு. இனி, கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிற 'எக்கோ' போட்டு அந்தப் பெயரை, குறிகளை எண்ணுகிற 'டபிள்யூசி -எம்' கட்டளைக்குப் பைப் வழியாக அனுப்புங்கள். 13 என்று வரும். பைட்டுகளை எண்ணுகிற '-சி' போட்டால் 37. முதன்முதலில் பார்த்தபோது மெஷினுக்குத் தமிழ் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன். எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கிற யூனிகோடில் மேலே வைக்கிற புள்ளி தனி ஆள், பு என்பதில் பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. அப்படி எண்ணினால் 12. எக்கோ கடைசியில் சேர்க்கிற வரிமுடிவு ஒன்று, ஆக 13. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக எழுதுகிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு, வரிமுடிவுக்கு ஒன்று, 37. எழுத்து, குறி, பைட்டு, இம்மூன்றும் வேறு வேறு என்பதை இரண்டு வரியில் இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. ஆங்கிலப் பெயரை வைத்துக் காட்டினால் எழுத்தும் குறியும் பைட்டும் ஒரே எண்ணிக்கையாகவே வந்துகொண்டிருக்கும், பாடம் விளங்காது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, யூடிஎஃப்-8ஐ 1992இல் வகுத்தவர்கள் ரொப் பைக்கும் யூனிக்ஸ் தொடங்கிய அதே கென் தொம்சனும். நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்குக் கீழே போடுகிற தாளில் எழுதிப் பார்த்தார்களாம்.

இனி பூட்டு. இரண்டாம் அரையாண்டில் யாரோ ஒருவர் லேப் மெஷின் ஒன்றில் எதையோ அழித்துவிட்டார். அது திறக்கவில்லை. அன்றிலிருந்து டெர்மினல் போதனாசிரியர் நிற்கிற நேரத்தில் மட்டும், அதுவும் தாளில் உள்ள பயிற்சிக்கு மட்டும். உங்கள் பக்கம் எனக்குப் புரிகிறது. ஆளில்லை, நேரமில்லை, ஒரு மெஷினைத் திரும்ப ஏற்றுவதென்றால் உங்கள் சனிக்கிழமை போகும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சாதாரணப் பயனர் கணக்கில் இருக்கிற ஒருவர் என்ன தலைகீழாக நின்றாலும் தன் கோப்புறைக்கு வெளியே உள்ள முறைமைக் கோப்புகளை அழிக்க முடியாது. யார் எதை வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே இருப்பது. மெஷின் திறக்காத அளவுக்கு அழிந்தது என்றால், அந்தப் பிள்ளையின் கையில் நிர்வாகி உரிமை தருகிற சூடோ இருந்திருக்கிறது. கொடுத்தது யார்? பூட்டவேண்டியது அதைத்தான், டெர்மினலை அல்ல. போதாததற்கு, அனுமதிப் பிரச்சினை வந்தால் '777 போடு' என்று சொல்லித் தந்ததும் நாங்கள் லேபில் கேட்டதுதான். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று ஏழு என்றால் உரியவர், குழு, ஊரார் எல்லாருக்கும் எல்லா உரிமையும். வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டு பூட்டுப் பழுது பார்த்தேன் என்று சொல்கிற மாதிரி.

பிழை விடுகிற இடத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். எல்லா லேபிலும் ஒரு மூலையில் உறை போட்ட பழைய மெஷின்கள் நான்கைந்து இருக்கும், எங்கள் இடத்தில் நான்கு. அவற்றின் ஹார்ட் டிஸ்க் வயரைக் கழற்றிவிடுங்கள். லைவ் யூஎஸ்பி ஒன்றில் டெபியன் என்ற இலேசான லினக்ஸ் வகையைப் போட்டு அதிலிருந்து ஓட்டினால் எல்லாம் மெமரியிலேயே நடக்கும். எந்தக் கோப்பை அழித்தாலும், நிறுத்தித் திரும்பப் போட்டால் பழையபடி வந்துவிடும். அங்கே சூடோவும் தரலாம். மிகப் பெரிய நாசத்தைச் செய்து பார் என்றே பயிற்சி கொடுக்கலாம். முறைமை எப்படிச் சாகிறது என்று ஒருமுறை பார்த்தவர் பிறகு ஆர்எம் தட்டும்போது என்டருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். நான் இப்போது அப்படித்தான். எல்எஸ் போட்டு அந்த நட்சத்திரம் எதையெதைப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதே இடத்தில் ஆர்எம் போடுகிறேன்.

லேப்டொப் இல்லாத பிள்ளைகள் எங்கள் தொகுதியில் நிறையப் பேர். ஆனால் கையில் அன்ட்ரொய்ட் போன் இல்லாதவர் இல்லை, அதன் உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான். டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் எல்எஸ் முதல், சொல் தேடுகிற கிரெப் வரை எல்லாம் போனிலேயே தட்டலாம். கோப்புறை அமைப்பு லேப் மெஷின் மாதிரி இருக்காது, நிர்வாகிக்குரிய ரூட் உரிமை கிடையாது, சின்னத் திரையில் நெட்டைக் கோட்டைத் தேடி எடுக்கக் கண் வலிக்கும். இருந்தாலும் பைப் பழகியது நான் அதில்தான், களுவாஞ்சிகுடி பஸ்ஸில், நின்றுகொண்டு. ஒரு முறை தரவிறக்கிவிட்டால் டேட்டாவும் தேவையில்லை. முதல் நாளே இதை ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பரீட்சை. எங்கள் ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரவருக்குரிய பாட்டை, அதாவது சட்டத்தை, கொடுத்த பிறகு ஆட்களை மூலையில் இருத்தித் தாளக்கட்டு எழுதச் சொல்வதில்லை. களரியில் இறக்குவார். மத்தளத்துக்குக் கால் பிழைக்கும், பிழைத்த இடத்திலேயே நிறுத்தித் திரும்ப ஆடவைப்பார். சதங்கை கட்டுவது எத்தனையோ இரவுக்குப் பிறகு. பாட்டு மனப்பாடமாகத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடி ஆடித்தான் அது மனத்தில் ஏறும், கொப்பியில் எழுதி அல்ல.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். பரீட்சை நாளில் இணையத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கோப்புறையைக் குழப்பி வையுங்கள்: இடைவெளி உள்ள பெயரோடு ஒரு கோப்பு, புள்ளியில் தொடங்கி மறைந்திருக்கும் ஒன்று, கட்டளைகள் எழுதி இயக்க அனுமதி கொடுக்காத ஒரு ஸ்கிரிப்ட், இரட்டிப்பு வரிகள் நிறைந்த ஒரு பட்டியல். ஒரு மணி நேரத்தில் ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். கட்டளைகளின் கையேடான மேன் பக்கம் பார்க்க விடுங்கள், வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்தானே. அதைத் திறந்து வாசித்து, வேண்டியதைப் பிடித்து, கியூ அழுத்தி வெளியே வருவதே பாதித் திறமை. முதல் மாதத்தில் மேன் பக்கத்துக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் பவர் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தியவர்கள் நாங்கள். திருத்துவதும் உங்களுக்குச் சுகம், தட்டிய கட்டளைகளின் பதிவான ஹிஸ்டரியைப் பார்த்தால் யார் எங்கே தடுமாறினார் என்று வரிசையாக இருக்கும். -ஏஎல்லா -எல்ஏயா என்று யாரும் சிவப்புப் பேனை எடுக்கத் தேவையில்லை.

புதிய தொகுதி வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். எங்கள் லேப் மூலையில் இருக்கிற நான்கு மெஷின்களில் ஒன்றுக்கு பவர் வயர் இல்லை, மற்ற மூன்றும் ஓடும், உறையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். டெபியன் போட்ட யூஎஸ்பி இரண்டு என்னிடம் இருக்கிறது. பாஸ்வர்ட் நாளிலிருந்து கீபோர்டைத் தொடாதவளும் இப்போது போனில் டெர்மக்ஸ் வைத்திருக்கிறாள், அவளும் வருவதாகச் சொல்கிறாள். செவ்வாய் பின்னேரம் எங்களுக்கு விரிவுரை இல்லை. கடைசி பஸ் ஆறே காலுக்கு, அதற்குள் முடித்துவிடலாம். சாவியை மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டை முடித்த ஒரு மாணவி,
படுவான்கரை, மட்டக்களப்பு